மச்சானுக்கு ஒரு பொன்னாடை

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. ஏ முதல் டபிள்யூ வரை ஊர்களை எழுத்து வாரியாகப் பிரித்து, எந்த எழுத்துக்காரருக்கு எப்போது இருட்டு என்று அட்டவணை போட்டிருந்தார்கள். கண்டிக் கடைகளில் மெழுகுதிரி தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, டீசலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. எந்த வரிசையிலும் நிற்காமல் வீட்டு மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவர் என் மச்சான், தங்கச்சியின் புருஷன்.

"காத்து சும்மா கெடக்கு மச்சான். அதப் புடிச்சி பெட்டரிக்குள்ள போட்டா முடிஞ்சிச்சு. அட்டவணைய அவங்களே வச்சிக்கட்டும்" என்றார்.

அன்று தொடங்கிய திருப்பணி இன்றுவரை நிற்கவில்லை. இவ்வளவு காலத்தில் அவருக்கு ஒரு பொன்னாடைகூடக் கிடைக்கவில்லை. பாடசாலைக்கு ஒரு மேசை கொடுத்தவருக்கும் மேடை போடுகிற ஊரில் இது பெரிய அநியாயம். கூட்டம் கூட்டி மாலை போட எனக்கு வசதியில்லை. ஆகவே எழுத்திலேயே போர்த்திவிடுகிறேன்.

முதலில் அவர் தெரிந்தெடுத்த இடத்தைப் பாராட்ட வேண்டும். காற்றாலைக்கு இடம் தேடும் சாதாரண மனிதர்கள் மன்னாருக்குப் போவார்கள். இலங்கை மின்சார சபையும் அப்படிப் போய், முப்பது காற்றாலைகளை வரிசையாக நட்டு, 103.5 மெகாவாட்டுக்கு ஒரு பண்ணை வைத்தது. மலைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு அம்பேவலை வெட்டவெளி இருக்கிறது. 2003இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுகூடம் ஒன்று இலங்கையின் காற்றுக்கு வரைபடம் போட்டபோது, அதுவும் வடமேற்குக் கரையையும் மத்திய மலைநாட்டின் உயர்ந்த முகடுகளையும்தான் சுட்டிக்காட்டியது. மச்சான் வரைபடத்துக்கு மயங்குகிறவர் அல்லர். அவர் தெரிந்தெடுத்தது கண்டி நகரத்தை. ஹந்தானையும் பஹிரவகந்தையும் உடவத்தகெலைக் காடும் சுற்றி நின்று அணைத்து வைத்திருக்கும் சட்டி இது. பஸ்கள் விடும் புகையே வெளியேற வழி தெரியாமல் நகரத்தின் மேல் தொங்குகிறது. புகையை நகர்த்தவே தெம்பில்லாத காற்றிடம் இரும்பைச் சுற்றும் வேலையை நம்பி ஒப்படைத்தாரே, இப்படி ஒரு நம்பிக்கையைக் கண்டிக் காற்றின் மேல் இதற்கு முன் யார் வைத்தார்கள்?

அந்தச் சட்டிக்குள்ளும் சரியான மூலையைப் பிடித்தார். வீடு ஹந்தானைக்கு ஏறும் பாதையில், மலையின் மடிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் பலா மரம், மறுபக்கம் மூன்று மாடி வீடு. காற்று இரண்டையும் தாண்டிச் சுழன்று, களைத்து, எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதே மறந்துபோய் வந்து சேர வேண்டும். "காற்றை அளந்து பார்த்தீங்களா? கட்டுகஸ்தோட்டையில வானிலை நிலையம் இருக்கே, கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கொடியில கெடந்த உங்க தங்கச்சி சாறி பக்கத்து வூட்டுக்குப் பறந்திருச்சி மச்சான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

ஒரு சாறி ஒரு நாள் பறந்ததிலிருந்து ஒரு வருடக் காற்றைக் கணித்துவிட்ட தீர்க்கதரிசி அவர். காற்றுக்குள் இருக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், இறங்கும் என்று பௌதிகம் சொல்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று. மச்சானின் காற்றாடி நான்கு அடி விட்டம். செக்கனுக்கு 3 மீட்டர் வேகக் காற்றில், வீட்டில் செய்த பொறி காற்றிலிருப்பதில் கால்வாசியைப் பிடித்தால், கிடைப்பது நாலரை வாட். 6 மீட்டரில் 36 வாட். 12 மீட்டரில் 290 வாட்டுக்குக் கிட்ட. கண்டிச் சட்டிக்குள் நாலரைதான் அன்றாடச் சோறு, 290 புயல் நாளின் விருந்து. மச்சான் காகிதத்தில் 290ஐ இருபத்துநாலால் பெருக்கி, அதை முப்பதால் பெருக்கி, மாதக் கணக்குப் போட்டு முடித்தார். எந்தக் காற்றாடியும் காற்றிலுள்ள சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று 1919இல் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவியிருக்கிறார் என்று சொன்னேன். "அவரு கண்டிக்கு வந்து பாத்தாரா?" என்று கேட்டார். வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன். விவாதம் அத்துடன் முடிந்தது.

அடுத்து மின்பிறப்பாக்கி. பழைய காரில் இருந்து கழற்றிய அல்டனேட்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். கார் அல்டனேட்டர் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் சுற்றினால்தான் வேலை தொடங்கும். மெல்ல அசையும் காற்றாடி அதை எட்டுவது கடினம். போதாததற்கு அதற்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. தன் காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொள்ளப் பற்றரியிடமிருந்து சில அம்பியர் முன்பணம் கேட்கும். ஆக, காற்று மெல்ல வீசும் இரவெல்லாம் மச்சானின் பற்றரி காற்றாலைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தது. விடியும்போது பற்றரி காலி. காற்றிலிருந்து பற்றரிக்கு மின்சாரம் ஏற்றியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பற்றரியிலிருந்து காற்றுக்கு ஏற்றிய பெருமை என் மச்சானுக்கே உரியது.

பிறகு நிரந்தரக் காந்த மோட்டார் ஒன்று கிடைத்தது. பிவிசி குழாயைக் கீறி மூன்று இறகு வெட்டினார். மூன்று கம்பியில் ஆடலோட்டம் வந்தது. அதை நேரோட்டமாக்க ஆறு டயோட். டயோட்டுக்கு நம் பாடப்புத்தகத்தில் இருவாயி என்று பெயர். வாய் இரண்டு இருந்தும் ஒரு பக்கம் மட்டுமே பேசும் நல்ல பிறவி. எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லாததால் மச்சான் அவற்றை ஆசையோடு பொருத்தினார். காற்றாடி சுற்றியது. ஊர் கூடிப் பார்த்தது. நானும் கைதட்டினேன். சுற்றுகிற பொருளைப் பார்த்துக் கைதட்டாமல் இருக்க மனிதனால் முடியாது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு கேள்வி கேட்டான். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறவன், கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் உள்ளவன். "அங்கிள், வோல்ட்டேஜக் கட்டுப்படுத்த என்ன வச்சிருக்கீங்க?"

"பெட்டரிக்குத் தெரியும் தம்பி" என்றார் மச்சான்.

இந்தக் கட்டுப்பாட்டு விஷயத்தில் அவர் நிகழ்த்திய சாதனைகளைத் தனித்தனியே சொன்னால்தான் பொன்னாடைக்குப் பெறுமதி.

முதல் சாதனை, கட்டுப்பாடு எதுவுமே வைக்காதது. 12 வோல்ட் ஈய-அமிலப் பற்றரி என்பது ஆறு அறைகளின் கூட்டுக் குடும்பம். நிரம்பி ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட். ஏற்றும்போது 14.4 வரை போகலாம். நிரம்பிய பின் 13.6, 13.8 என்று மெல்லத் தாலாட்ட வேண்டும். 14.4ஐத் தாண்டி நெடுநேரம் ஏற்றினால், உள்ளே போகும் மின்சாரத்துக்குச் செய்ய வேலை இல்லை. அது அமிலத்திலுள்ள தண்ணீரைப் பிளந்து ஐதரசனும் ஒட்சிசனுமாக வெளியே அனுப்பும். ஐதரசன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஒரு காற்று நாளில் மச்சானின் பற்றரி சோற்றுப் பானையைப் போலக் கொதித்தது. மூடித் துளைகளில் நுரை வந்தது. தங்கச்சி வாசலில் வைத்திருந்த அந்தூரியம் கருகியது. "பாத்தீங்களா, எவ்வளவு கரண்ட் வருதுன்னு!" என்று குளிர்ந்து போனார் மச்சான். வாரம் ஒரு போத்தல் பற்றரித் தண்ணீர் ஊற்றினார். பற்றரியைப் பால்மாடு மாதிரிப் பராமரித்தார் என்று ஊரே சொன்னது. மூன்றே மாதத்தில் அது கறவை வற்றியது.

இரண்டாம் சாதனை, 7812. மூன்று கால் உள்ள சின்ன ஐசி அது. பன்னிரண்டைத் தாண்டிப் போதிய வோல்ட் உள்ளே போனால், வெளியே அளந்து 12 வோல்ட் கொடுக்கும். "பெட்டரி பன்னிரண்டு, இதுவும் பன்னிரண்டு. பொருத்தம் பாத்துக் கலியாணம் கட்டின மாதிரி" என்றார். பெயர்ப் பொருத்தம் பார்த்தார், மற்றப் பொருத்தங்களைப் பார்க்கவில்லை. 12 வோல்ட் பற்றரி நிரம்ப 14.4 வேண்டும். பாதி நிரம்பிய பற்றரியே 12.2இல் நிற்கும். பன்னிரண்டை வைத்துக்கொண்டு அதற்குள் எதைத் தள்ளுவது? மேட்டு வயலுக்குப் பள்ளத்திலிருந்து வாய்க்கால் வெட்டிய கதை. அந்த ஐசியால் தாங்கக்கூடியதும் ஓர் அம்பியர், ஒன்றரை அம்பியர்தான். மிச்சத்தைச் சூடாக்கி ஊதிவிடும். ஆனாலும் நன்மை ஒன்று நடந்ததை மறைக்கக் கூடாது. பற்றரி ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. ஒருமுறைகூட நிரம்பவுமில்லை. அரை வயிற்றில் கிடந்த ஈயத் தகடுகளில் சல்பேற்றுப் படிவு வெள்ளையாய்ப் பூத்து, இரண்டாவது பற்றரியும் அமைதியாகக் கண்மூடியது. முதல் பற்றரியை அளவுக்கு மிஞ்சி ஊட்டிக் கொன்றவர், இரண்டாவதைப் பட்டினியில் கொன்றார். ஒரே மனிதருக்கு இரண்டு கலையும் கைவருவது அபூர்வம்.

மூன்றாம் சாதனைதான் மகுடம். சோலார் பலகைக்கு வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். நீல வெளிச்சத்தில் எண்கள் ஓடும் பெட்டி. அதன் அழகைப் பார்த்து நானும் ஒரு நிமிடம் சொக்கிப் போனேன். அது கெட்டிக்காரப் பெட்டிதான். பற்றரி நிரம்பியதும் சோலார் பலகையின் இணைப்பைத் துண்டித்துவிடும். பலகைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வெயிலில் சும்மா கிடந்து கொஞ்சம் சூடேறும், அவ்வளவுதான். காற்றாடியின் சங்கதி வேறு. காற்றாடியைப் பிடித்து வைத்திருப்பதே பற்றரி இழுக்கும் அந்தப் பாரம்தான். கடுகண்ணாவை இறக்கத்தில் பாரம் ஏற்றிய லொறியை, இனி எஞ்சினுக்கு வேலையில்லை என்று நியூட்ரலில் போட்டால் என்ன நடக்குமோ, நிரம்பிய பற்றரியிலிருந்து காற்றாடியைக் கழற்றினால் அதுவே நடக்கும்.

ஒரு ஜூலை இரவு, தென்மேற்குப் பருவக் காற்று ஹந்தானை முகட்டைத் தாண்டி வழி தெரிந்து வந்துவிட்டது. பற்றரி நிரம்பியது. நீலப் பெட்டி கடமை தவறாமல் இணைப்பைத் துண்டித்தது. கடிவாளம் அறுந்த காற்றாடி ஓலமிட்டது. பாரமில்லாத மின்பிறப்பாக்கியில் வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். பதினான்கு அறுபதானது. பெட்டிக்குள் இருந்த கெப்பாசிட்டர் பட்டாசு போல வெடித்தது, நீல வெளிச்சம் அணைந்தது. அதற்குப் பிறகு காற்றாடியைக் கட்டிப்போட உலகத்தில் எதுவும் இல்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்று மூன்று கம்பிகளையும் ஒன்றாய்ச் சேர்த்துவிடும் சுவிட்ச் ஒன்றை வைப்பார்கள். குறுக்கிணைத்த மின்பிறப்பாக்கி தன்னையே பிரேக் பிடித்து நின்றுவிடும். காற்று மிஞ்சினால் காற்றாடியை ஓரமாய்த் திருப்பிவிடும் மடங்கு வாலும் உண்டு. மச்சான் இவற்றை நம்பவில்லை. பலாக்காய் பறிக்கும் தொரட்டியோடு மொட்டை மாடிக்கு ஏறினார். மழையில், இருட்டில், சுழலும் இறகுகளுக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொரட்டியை ஓங்கி நின்ற அந்தக் கோலத்தைக் கோயில் சுவரில் எழுதலாம். இறகுகளில் ஒன்று தொரட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்து வளவுப் பலா மரத்துக்குப் போனது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. காக்கை கூடு கட்டியிருக்கிறது. ஆக, கண்டியில் காற்றாலை மின்சாரத்தால் ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தது என்று யாராவது எழுதினால் அது பொய்யாகாது.

மறுநாள் பொடியன் வந்தான். காற்றாடியைக் கழற்றக் கூடாது, அதற்கு எப்போதும் ஒரு பாரம் இருக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டினான். பற்றரி 14.4 வோல்ட்டை எட்டியதும் மிஞ்சிய மின்சாரத்தை வேறொரு பாரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். சூட்டுக் கம்பிச் சுருளோ, வாகன ஹெட்லைட் பல்ப்போ போதும். 13.6க்கு இறங்கியதும் திரும்பப் பற்றரிக்கே விட வேண்டும். திறக்கவும் மூடவும் ஒரே எண்ணை வைத்தால், பல்ப் எரிந்ததும் வோல்ட் இறங்கும், இறங்கியதும் பல்ப் அணையும், அணைந்ததும் ஏறும். ரிலே மரங்கொத்தி போலத் தட்டியே செத்துப்போகும். இரண்டு எண்களுக்கும் நடுவில் இடைவெளி வைப்பது அதனால்தான். புயல் நாளில் 290 வாட் வந்தால் அது ஏறத்தாழ 20 அம்பியர். 55 வாட் பல்ப் ஒன்று கிட்டத்தட்ட ஐந்து அம்பியர் குடிக்கும். நாலு பல்ப் கணக்குக்கு, இரண்டு பல்ப் பாதுகாப்புக்கு. கட்டுப்படுத்த 555 என்கிற எட்டுக்கால் ஐசி ஒன்று. 1972இலிருந்து சந்தையில் இருக்கும் பழைய சாமான், ஒரு தேநீர்க் காசுக்குள் கிடைக்கும்.

மச்சான் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நம் குடும்பத்தின் பொருளாதாரக் கொள்கையை ஒரே வசனத்தில் சொன்னார்: "கஷ்டப்பட்டுப் புடிச்ச கரண்ட பல்புல ஊத்தி எரிக்கிறதா? நான் என்ன மடையனா?"

தங்கச்சி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஒலப் பான பொங்கினா அடுப்பக் கொறைப்போம். காத்து அடுப்ப நீங்க கொறைக்க ஏலாதே. அப்ப மூடியத்தான் தொறக்கணும்."

அவளுக்குப் பௌதிகம் தெரியாது என்று மச்சான் எனக்கு விளக்கினார்.

வீணாக்கக் கூடாது என்கிற இந்தக் கொள்கை எவ்வளவு உயர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளக் கண்டிக் குளக்கரையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வயலை அணைகட்டி அந்தக் குளத்தை அமைத்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கரையில் அவன் எழுப்பத் தொடங்கிய மேகச் சுவர் முடியும் முன்னே, 1815இல் இராச்சியமே கைமாறிவிட்டது. சிறைப்பட்டு வேலூருக்குப் போய் அங்கேயே கண்மூடினான். முடியைக் காக்கத் தெரியாத அந்த மன்னனின் குளத்தில்கூட நிரம்பிய தண்ணீர் வழிந்து மெத எலவுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. நகரத்திலிருந்து தெல்தெனியப் பக்கம் போனால், 1985இல் திறந்த விக்டோரியா அணையில் எட்டு வான்கதவுகள். பெயர் தெரியாத எந்தக் கிராமத்துக் குளத்தைப் பார்த்தாலும், கட்டியவன் முதலில் யோசித்திருப்பது வானைத்தான். வான் பாய்கிறது என்று ஊரே சந்தோஷமாய்ப் பார்க்கப் போகும். தண்ணீர் வீணாகிறது என்று யாரும் அழுவதில்லை. இத்தனை நூற்றாண்டாக மடையர்களே குளம் கட்டியிருக்கிறார்கள் என்பது மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மடையர் பட்டியல் நீளமானது. ஸ்கொட்லாந்தில் ஸ்கோரேக் என்ற ஒதுக்குப்புறத்தில், மின்கம்பி எட்டாத இடத்தில், ஹியூ பிகொட் என்பவர் வீட்டிலேயே காற்றாலை செய்து பற்றரி ஏற்றிக்கொண்டிருந்தார். இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு, அதாவது பின்னாளில் பிரக்டிக்கல் அக்ஷன் என்று பெயர் மாறிய நிறுவனம், இலங்கையிலும் பெருவிலும் சிறு காற்றாலை செய்யும் திட்டம் தொடங்கியபோது, 2001இல் அதற்கென நிரந்தரக் காந்த மின்பிறப்பாக்கி செய்முறைக் கையேடு எழுதியவர் அவர்தான். மின்கம்பி வராத கிராமங்களில் கார்ப் பற்றரியைத் தோளில் சுமந்து போய் ஏற்றி வந்து தொலைக்காட்சி பார்த்த காலம் அது. அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் அந்தச் சின்னக் காற்றாலை.

நம் மலைநாட்டு ஓடைகளில் சனங்களே சங்கம் அமைத்து நடத்திய சிறு நீர்மின் நிலையங்களிலும் இதே மடமைதான். ஓடை இரவு பகல் பார்க்காமல் ஒரே அளவில் பாயும். ஒன்பது மணிக்கு வீடுகள் விளக்கை அணைத்தால் பொறி வேகமெடுக்கும், வோல்ட் ஏறும், மிச்சமிருக்கும் விளக்குகள் வெடிக்கும். அதனால் அணைந்த விளக்குகளின் பங்கைச் சூட்டுச் சுருளுக்குத் திருப்பிவிடும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். மண்ணப்பி, சூட்டில் நிறம் மங்கி, சுவரில் தொங்கும் பெட்டி அது. யாரும் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து, நெய் பூசி மினுங்குகிற இந்த வேல்கள் என்ன அழகு, எங்கள் அதியமானின் வேல்கள் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று ஔவை அன்று வியந்தாளே, அந்த வியப்புத்தான் மச்சானின் நீலப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கும் வந்தது.

ஒருவரை மட்டும் புகழ்ந்துவிட்டு நாட்டை மறந்தால் நன்றிகெட்டவன் ஆவேன். மச்சானின் கொள்கை அவருடைய மொட்டை மாடியோடு நிற்கவில்லை. நாங்களும் பல வருடமாய், வீட்டுக்கு வீடு கூரையில் சோலார் பலகையை ஏற்றி, மெகாவாட் கணக்கை மேடைக்கு மேடை முழங்கிக் கைதட்டினோம். மிஞ்சினால் சேமிக்கப் பெரிய பற்றரியோ, வேண்டும்போது குறைக்கும் கடிவாளமோ எங்கே என்று கேட்டவர்கள் பக்கத்து வீட்டுப் பொடியனைப் போலவே மரியாதை பெற்றார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. வெயில் கூரைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது. தீவு முழுவதும் அணைந்தது. நுரைச்சோலையில் இருக்கும் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் நின்றுபோய், அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு. சோலார் பங்கு கூடி மின்தொகுதி தளம்பலைத் தாங்கும் தெம்பின்றி இருந்தது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் சனங்களுக்கு நினைவிருப்பது குரங்கு மட்டும்தான். இலங்கை வரலாற்றில் ஒரு குரங்கு நெருப்பு வைத்தது பழைய கதை. இன்னொரு குரங்கு விளக்கை அணைத்துக் கணக்கை நேர் செய்தது.

அந்த வருடமே சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைத்து உதவ வேண்டும் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் தவித்த நாடு, மின்சாரம் கூடிப்போய்த் தவித்தது. முதல் பற்றரியும் இரண்டாவது பற்றரியும் என் கண்முன் வந்து போயின. செய்தியை வாசித்துக் காட்டியபோது மச்சான் பெருமூச்சு விட்டார். "நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். கேட்காமலே அவர் வழியில்தான் நடந்திருக்கிறார்கள் என்று சொல்லித் தேற்றினேன்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சதி நடந்தது. மச்சான் வேலை விஷயமாக நாலு நாள் மாத்தளைக்குப் போயிருந்தபோது, தங்கச்சியும் பொடியனும் சேர்ந்து ஒரு பால்மா டின்னுக்குள் அந்த 555ஐயும் ஒரு ரிலேயையும் வைத்துக் கட்டிவிட்டார்கள். பழைய ஹெட்லைட் பல்ப் ஆறையும், வீட்டிலிருந்து பாதைக்கு இறங்கும் படிக்கட்டுச் சுவரில் வரிசையாய் மாட்டினாள் தங்கச்சி. திரும்பி வந்த மச்சான் பார்த்தார். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "மூணு நாளா ஒரு பல்பும் எரியல்ல. என்ட காத்தாடியில வீண் விரயமே கெடையாதுன்னு இப்பவாவது வெளங்குதா?" என்றார். உண்மைதான். அந்த மூன்று நாளும் காற்றும் கிடையாது.

பிறகு பருவக் காற்று வந்தது. ஓர் இரவு மேலே எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்து, பாதை முழுக்க இருட்டு. மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் தங்கச்சி வீட்டுக்குக் கீழே பாதையில் மாட்டிக்கொண்டேன். காற்றாடி இரையும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் படிக்கட்டுச் சுவரில் ஆறு பல்புகளும் ஒன்றாய்ப் பற்றின. மஞ்சள் வெளிச்சம் படிப்படியாய் இறங்கிப் பாதைவரை வந்தது. மேல் வீட்டுக் கிழவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இரண்டு பேர் ஏறினார்கள். டியூஷன் முடிந்து நனைந்து வந்த பிள்ளைகள் வெளிச்சத்துக்குள் ஓடினார்கள். தங்கச்சி குடையோடு படியில் நின்று, வழுக்கும் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் அந்த வெளிச்சத்தில்தான் வீடு ஏறினேன்.

உள்ளே கும்மிருட்டு. மச்சான் நடுவீட்டில் பற்றரிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மீட்டர்.

"ஏன் மச்சான், ஒரு லைட்டப் போடலாமே?"

"பெட்டரி நெறஞ்சிருக்கு. இப்பப் போட்டா கொறஞ்சிரும்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. பிறகு வாசல் பக்கம் கையை நீட்டி, அடி வயிற்றிலிருந்து சொன்னார். "அங்க பாருங்க, அவ்வளவும் வீணாப் போகுது."

பொன்னாடையோடு எழுந்து நிற்கிறேன். தோள் எங்கே இருக்கிறது என்றுதான் அந்த இருட்டில் தெரியவில்லை.